ரோபோவா, கையா என்று கேட்கப் போனோம்

அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டும். டாக்டர் கையால் செய்வதா, ரோபோ வைத்துச் செய்வதா என்று கேட்க இன்று பாளையங்கோட்டை போனோம்.

"ரோபோன்னா கொஞ்சம் துல்லியமா பொருத்தலாம். நடக்கதுல பெரிய வித்தியாசம் இருக்காது" என்றார் டாக்டர். நான் குறித்துக்கொண்டேன்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "எதுல செஞ்சா கீழ உக்காந்து பீடி சுத்தலாம்?"

"ரெண்டுலயும் கூடாதும்மா. இனிமே நாற்காலிதான்" என்றார் டாக்டர்.

ஊருக்குத் திரும்ப முக்கூடல் பஸ் ஏறினோம். நான்தான் மறுபடி ரோபோவை ஆரம்பித்தேன்.

"எதையாவது செய்யச் சொல்லுலே. தெருவுல எல்லாரும் கீழ வட்டமா உக்காந்து சுத்துதாளுவ. நான் மட்டும் நாற்காலில இருந்துக்கிட்டு யாருகிட்டப் பேச?"

செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள். நடக்க வைப்பது இருக்கட்டும், தரையில் உட்கார வைக்கிற ரோபோ எங்காவது வந்திருக்கிறதா?