பிரசங்கமும் பாட்டும் சாப்பிட்ட திருவிருந்து

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் ரிங்லெட் மலையூர் சபையில் ஒரு சாதனை நடந்தது. திருவிருந்தைப் பற்றி ஐம்பத்தைந்து நிமிஷம் பிரசங்கம். திருவிருந்தைப் பற்றியே பதினான்கு நிமிஷம் பாட்டு. திருவிருந்து மட்டும் நடக்கவில்லை!

கல்யாண வீட்டில் பிரியாணியின் அருமை பெருமையை மைக்கில் சொல்லி, பாட்டும் பாடி, பந்தி போடாமலே அனுப்பினால் சும்மா இருப்போமா? சபையில் மட்டும் ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போகிறோம்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் பாஸ்டர் தாப்பாவிலிருந்து மலை ஏறி வருவது மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான். அவர் கையால் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்தும் அன்றைக்கு மட்டும். யாருக்கு எவ்வளவு நேரம் என்று முந்தின வாரமே கமிட்டி கூடும். பிரசங்கத்துக்காக பாஸ்டர் போனிலேயே வாதாடினார். பாட்டுக்காக நான் வாதாடினேன் — பாடகர் குழுத் தலைவன் அடியேன்தான். திருவிருந்துக்காக வாதாட ஆள் இல்லை. அது பாவம், சாதுவான பிள்ளை... மிச்சம் இருக்கிற நேரத்தில் இருந்துகொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

இடத்திலும் அதே கதைதான். புது ட்ரம் செட்டுக்கு இடம் வேண்டுமென்று திருவிருந்து மேஜையைச் சுவரோரம் தள்ளியவனும் நானே.

இந்த நிலையில் வியாழக்கிழமை ரோஸ்மேரி அக்கா போன் பண்ணினார். பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர்.

“தம்பி, செவ்வாக்கிழமை ஈப்போல எனக்கு நெஞ்சு ஆபரேஷன். ஞாயித்துக்கிழமை திருவிருந்து எடுத்துட்டா பயம் இல்லாம போய்ப் படுத்துக்குவேன்லா. உண்டுதானே?”

“கண்டிப்பா உண்டு அக்கா” என்றேன்.

ஞாயிறு வந்தது. பாட்டு நானே மெட்டுப் போட்டது. ஐந்து நிமிஷப் பாட்டுதான். ஆனால் கீபோர்டு நன்றாக அமைந்துவிட்டது, தலைகள் ஆடின... பல்லவியை இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கை காட்டிக்கொண்டே இருந்தேன். எதிரே தலை ஆடினால் எந்தக் கலைஞன்தான் நிறுத்துவான்? பிறகு பாஸ்டர் எழுந்தார். ‘கடைசியாக ஒரு வார்த்தை’ என்று நான்கு தடவை சொன்னார்.

பதினொரு மணிக்கு வெளியே ஹார்ன். மேல் தோட்டத்து ஜனங்களை ஏற்றி வந்த லோரி. டிரைவர் குணா கறார் பேர்வழி. ஞாயிறு பதினொன்றைத் தாண்டினால் ஸ்ட்ராபெரி பறிக்க வரும் கார்கள் ரோட்டை அடைத்துவிடும் — பிரிஞ்சாங்கைத் தாண்டுவதற்குள் பிராணன் போய்விடும். பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “திருவிருந்து அடுத்த மாதம்” என்று சொல்லி, ஆசீர்வாதம் கூறி முடித்துவிட்டார்.

லோரியில் ஏறப்போன ரோஸ்மேரி அக்காவிடம் ஓடினேன். நான் மன்னிப்புக் கேட்கும் முன்பே, “பரவால்ல தம்பி. பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார். கண் கலங்கியிருந்தது. என் பாட்டுக்கு எத்தனையோ பேர் பாராட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வெட்கத்தில் தலை குனிந்தது அன்றைக்குத்தான்.

குணா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். “ஏன் சார், அக்கா அழுவுறாங்க?”

விஷயத்தைச் சொன்னேன். குணா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன். இன்ஜினை அணைத்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டான்.

“என்னா சார் நீங்க! கோயிலுக்குப் போயிட்டு துன்னூறு வாங்காம யாராச்சும் வருவாங்களா? அதுவும் ஆபரேஷனுக்குப் போறவங்க! பாஸ்டர கூப்பிடுங்க. ஜாம் ஆனா ஆவட்டும்லா.”

வாசலில் நின்றிருந்த பாஸ்டருக்கும் அது கேட்டது. உடனே உள்ளே ஓடினார். மேஜைக்குப் போக வழி ஏது? ட்ரம் செட்டைத் தாண்டும்போது அதன் பித்தளைத் தாளத்தட்டு ஒன்று சத்தத்தோடு விழுந்தது. அப்பமும் கிண்ணமும் லோரிக்கே வந்தன. ஜெபித்துவிட்டு, “அக்கா, ஆண்டவர் உங்ககூடவே ஈப்போவுக்கு வர்றார்” என்றார் பாஸ்டர். பிரசங்கம் அவ்வளவுதான்.

யாரோ பழைய கீர்த்தனை ஒன்றை மெதுவாக எடுத்தார்கள். கீபோர்டு இல்லை, என் கைகாட்டலும் இல்லை. ஒரே ஒரு தடவை பாடி, நிறுத்தினார்கள். ரோஸ்மேரி அக்கா முதலில். பிறகு நாங்கள் எல்லோரும் லோரி ஓரமாக நின்றே வாங்கிக்கொண்டோம். பிரசங்கம், பாட்டு, திருவிருந்து மூன்றும் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கமிட்டி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தும் எங்களுக்குப் பிடிபடாத அளவு!

லோரி ஜாமில் மாட்டி, தோட்டம் போய்ச் சேர மூன்று மணி. ஒருவரும் முணுமுணுக்கவில்லையாம்.

அந்த வாரக் கடைசியில் ஈப்போ போய் அக்காவைப் பார்த்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“அடுத்த மாசமும் புதுப் பாட்டு இருக்கா தம்பி?”

“இருக்கு அக்கா.”

“அப்ப லோரி லேட்டாகும்னு குணாகிட்ட இப்பவே சொல்லி வச்சிடுறேன்.”