டர்பன் கடலுக்குத் தலை வாரியவர்கள்

நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு வந்து மனுரேவா பகுதியில் பட்டறை போட்டேன், பக்கத்துத் தகனினியில் இரண்டு வீடு கட்டினேன். யாரும் கை கொடுக்கவில்லை.

நேற்று பேத்தி காவ்யா, நான் பிறந்த தென்னாப்பிரிக்க டர்பனைப் பற்றிப் பள்ளிக்கு எழுதியதை வாசித்தாள். குளிர்காலத்திலும் வெதுவெதுப்பான கடல், துறைமுகத்துக்கு அரணாக நீளக் குன்று, வெள்ளைக்காரர் கட்டிய ஓட்டல்கள், சுத்தமான மணல். அப்போது பக்கத்து வீட்டில் யாரோ சரளையை வாரும் ஓசை கேட்டது.

என் அப்பா நகராட்சித் தொழிலாளி. விடியலில் அந்தக் கடற்கரையை இரும்புப் பல் வைத்த நீளக் கோலால் வாருவார். அதைச் சீப்பு என்பார். "கடலுக்குத் தலை வாரிட்டு வரேன்" என்று கிளம்புவார். அந்த நாளில் அந்த மணல் வெள்ளைக்காரருக்கு மட்டும் என்பது சட்டம். ஒருநாள் அவரோடு போய், அலையில் நிற்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். அப்பா சொன்னார்:

"சீப்பக் கையில பிடிச்சுக்க. அது இருந்தா வேலைக்காரன், இல்லன்னா திருடன்."

குன்றடியில் திமிங்கிலத்தைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் ஆலையின் நாற்றம் வீச, சீப்போடு முழங்கால் தண்ணீரில் நின்றேன். திரும்பும்போது என் கால்தடத்தை நானே வாரி அழித்தேன்.

இதைச் சொன்னதும் காவ்யா கேட்டாள்: "ரியலி, தாத்தா?"

"ஆமா. சுத்தமான மணல்னு எழுதினியே, யார் சுத்தம் பண்ணாங்கன்னும் எழுது. எங்கப்பா பேரப் போடு. கீழ என் பேரும் வரணும்."