திருவிருந்து வரிசையிலிருந்து விலகியவர்

எங்கள் ஆஸ்டின் டவுன் தேவாலயத்தில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்தவைப்பவர் அவர். முறுக்கிய மீசை, கழுத்தில் விசில். பெரும்பாலும் விரலால்தான் பேசுவார். அந்த ஞாயிறு நான் ஸ்கூட்டரைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினேன். நகர்த்தச் சொன்னார். "நீ என்ன பெரிய டிராஃபிக் போலீஸா?" என்று கேட்டுவிட்டு வீரமாக உள்ளே போனேன்.

திருவிருந்து நேரம். அப்பமும் ரசமும் வாங்கப் பலரும் வரிசையில் நின்றார்கள். பீடத்துக்கு இரண்டடி முன்னால் நின்ற அவர் சட்டென்று வரிசையை விட்டு விலகி, என் பெஞ்சை நோக்கி வேகமாக வந்தார். அடிதான் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"சார், பேஜார் பண்ணிக்காதீங்க. காலையில மனசுக்குள்ள உங்கள திட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

"என்னன்னு திட்டுனீங்க?"

"சர்ச்சுல சொல்ல முடியாது சார்."

"தப்பு என்னோடதுதானே?"

"அத நீங்க ஆண்டவர்கிட்ட பேசிக்கோங்க. போய் மன்னிப்பு கேளுன்னு என்கிட்ட சொன்னாரு, வந்துட்டேன். இஷ்டப்பட்டு வரல சார்."

திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. வரிசை குறைந்துகொண்டே வந்தது. எனக்கும் அதே உத்தரவு தெளிவாகவே கேட்டது; நான் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினேன். இஷ்டமில்லாத மனிதர் எப்படி அவ்வளவு வேகமாக நடந்து வந்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.