சிவப்பு மையில் எழுதியது

இதயத்தின் இரு பக்கமும் சேர்ந்து துடிக்கக் கருவி வைத்தால் யார் தேறுவார் என்று இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுப்பவள் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பத்து வருட அனுபவம்! தேறுவார் என்று அவள் அடித்துச் சொன்ன தையல்காரர், கருவி வைத்தும் இன்னும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. ஓய்வுபெற்ற கண்டக்டருக்கோ, "தழும்பு அதிகம், தேறாது" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். டாக்டர் அதைக் கேட்காமல் கருவியைப் பொருத்திவிட்டார்.

ஆறு மாதம் கழித்து இன்று கண்டக்டருக்கு மறுபடியும் எக்கோ. நேரம் பார்த்து லிஃப்ட் மக்கர் செய்தது. "சனியன் பிடிச்ச லிஃப்ட்டு!" என்று திட்டியபடியே மூன்று மாடியும் ஏறினாள். நடுவில் யாரோ ஒரு பெரியவர் படியில் அவளைத் தாண்டி விறுவிறுவென்று போனார்.

மேலே, எக்கோ அறை வாசலில் கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா, மூச்சு வாங்கிக்கோ. தேறாதுன்னு எழுதினது நீதானே?"