ஆடிக்கு வந்த அத்தை

அத்தை ஆடி நோம்பிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள். கல்யாணமான முதல் ஆடி. ஆடி கழிந்ததும் மாமா வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும். அவர் வரவில்லை.

அப்பா பொள்ளாச்சிப் பக்கம் அவர் ஊருக்குப் போய்க் கேட்டார். மாமா காப்பி கொடுத்து, "பார்க்கலாமுங்க மச்சான்" என்று பஸ் ஏற்றிவிட்டாராம். மறுபடி போனபோதும் அதே காப்பி, அதே பதில். அடித்தார், குடித்தார் என்றால் கேட்க ஒரு நியாயம் இருக்கும். அவர் மரியாதையாகவே இருந்தார். ஏன் வரவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் கோயமுத்தூர் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டார்கள். அத்தை தாலியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு பனியன் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டப் போனாள்.

இதெல்லாம் கேட்டுத் தெரிந்தது. நான் பார்த்தது மாமா செத்த நாளிலிருந்துதான். அப்போது நான் நாலாவது படித்தேன்.

காலையில் போன் வந்தது. மாரடைப்பு. அவர் வேறு கல்யாணம் செய்திருக்கவில்லை. "அம்மணியைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா நல்லதுங்க" என்றது போன். அம்மா வேண்டாம் என்றாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை, "போய்ட்டு வந்தர்லாமுங்ணா" என்றாள். கம்பெனிக்குப் போகக் கட்டியிருந்த பச்சைச் சேலையை மாற்றவில்லை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னையும் கையில் பிடித்துக்கொண்டாள்.

பொள்ளாச்சியில் பஸ் இறங்கியதும் அப்பா ஒரு ஜவுளிக்கடைக்குள் போனார். கவரோடு வந்தார். புருசனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் எடுத்துப்போகும் கோடிச் சேலை. எத்தனையோ சாவுக்கு அப்படி எடுத்துப்போனவர். கால் தானாகக் கடைக்குப் போயிருக்கும்.

"இது ஆருக்குங்ணா?"

அப்பா மீதிச் சில்லறையை எண்ணினார்.

"நீங்கதானுங்ணா என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

"வெறுங்கையோட எப்படி அம்மணி போறது?" என்றார் அப்பா. கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

சாவு வீட்டு வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தையைப் பார்த்ததும் பெண்கள் கூட்டமாக எழுந்து வந்து கையைப் பிடித்தார்கள்.

"வா கண்ணு, தலைமாட்டுல உக்காரு. உன்ற புருசன் போய்ட்டானே!"

"அதுதான் கோர்ட்டுல எழுதி வாங்கிட்டாங்களாமா" என்றாள் ஒருத்தி.

"கோர்ட்டா வந்து மணவறைல உக்காந்துச்சு? எழுதுனா உட்டுப்போயிருமாக்கும்?"

எனக்கும் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது.

ஒரு பெண் அத்தையின் வளையலில் கை வைத்தாள். அத்தை கையை இழுத்துக்கொண்டாள். வாசலிலிருந்து ஒரு ஆள், "நேரமாகுதுங்க, உக்கார வேண்டியவிங்க உக்காந்தா எடுத்துப்போடலாமுங்க" என்று குரல் கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர் உட்காரச் சொல்வதைப் போல இருந்தது.

"நான் துக்கம் கேக்க வந்தேனுங்க" என்றாள் அத்தை. "உக்கார வல்லீங்க."

"அப்பறம் ஆரு உக்கார்றது? பொண்டாட்டின்னு அவனுக்கு வேற ஆரு இருக்கறா?"

"ஆடிக்கு அனுப்பி வெச்சாருங்க. திருப்பிக் கூப்பட வல்லீங்க. இருக்கறப்பக் கூப்படல. இப்ப நீங்க கூப்படறீங்க."

அழுகை நின்றுபோனது. பறைகூட நின்ற மாதிரி ஞாபகம். அப்பா கவரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மாமாவின் அம்மா பிணத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"உட்டுருங்க புள்ளையை. அவன் பண்ணுனது அவனோட போகட்டும்."

பெண்கள் கையை விட்டார்கள். அத்தை ஒரு தரம் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. வளையலும் பொட்டும் அப்படியே இருக்க வெளியே வந்தாள்.

திரும்பி வரும்போது அப்பா ஜவுளிக்கடையில் சேலையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். கடைக்காரர் கவரைத் தொடக்கூட இல்லை. சாவுக்குப் போய்வந்த துணியை யார் வாங்குவார்கள்? பஸ் ஏறினோம். எனக்குப் பசித்தது.

வீட்டில் அம்மா வாசலிலேயே தண்ணீர் வைத்திருந்தாள். வெளி ஆட்களுக்குத் தலைக்கு ஊற்றினால் தீட்டு தீர்ந்தது. செத்தவர் குடும்பத்துக்குத்தான் கருமாதி வரைக்கும் தீட்டு, அதுவரை கோவிலுக்குப் போகக் கூடாது. எங்களுக்கு ஒரு தண்ணீர் போதும் என்றாள் அம்மா. அத்தையும் ஊற்றிக்கொண்டாள். மறுநாள் கம்பெனிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவிநாசி கோவிலுக்குக் கிளம்பினோம். அத்தை எந்த வெள்ளியும் தவறவிடாதவள். அன்றைக்கு எழவில்லை.

"உனக்கென்ன தீட்டா இருக்குது? வா அம்மணி" என்றாள் அம்மா.

"கால் வலிக்குதுங்க. நீங்க போய்ட்டு வாங்க."

நான் கோவிலுக்குப் போகாமல் நின்றுகொண்டேன். தைலப் புட்டியை எடுத்து வந்து, எந்தக் கால் என்று கேட்டேன். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு இடது காலை நீட்டினாள். அடுத்து ஒரு பிரதோசம் வந்தது. அன்றைக்கு வலது கால். வலி இடம் மாறும் போலிருக்கிறது என்று அதையும் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

பொள்ளாச்சியில் கருமாதி முடிந்ததென்று போன் வந்தது. அடுத்த நாள் விடிந்ததும் அத்தை தலைக்கு ஊற்றிக்கொண்டு கோவிலுக்கு நடந்தே போய்வந்தாள். நான் தேய்த்ததில் வலி போய்விட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.