கோட்டைகளின் முன்னால் எடுத்த படங்கள்

நாப்போலி நகரத்துக் கோட்டைகளை நான் பார்த்த அளவுக்கு அந்த ஊர்க்காரர்களே பார்த்திருப்பார்களோ தெரியாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். ஒருமுறைகூட ஆசைப்பட்டுப் போகவில்லை. ஏஜென்சிக்காரர் போகச் சொன்னார், போனேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருமாதிரிக் கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். கணவரையும் மூன்று வயது மகளையும் அங்கே ஒரு லொட்ஜ் அறையில் விட்டுவிட்டு, நான் முதலில் கனடாவுக்குப் போவதென்று முடிவாயிற்று. பெண் என்றால் வழியில் சந்தேகம் குறைவு, அகதிக் கேஸும் கெதியாக முடியும், பிறகு மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அறிந்தவர் அறியாதவர் எல்லாரும் சொன்னார்கள். ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர் ஒருவருக்குக் காசு கட்டி, இத்தாலிவரைக்கும் சிக்கலில்லாமல் வந்தேன். அங்கே வழி அடைபட்டுவிட்டது. நாப்போலியில் நாலாம் மாடி அறையொன்றில் கொண்டுபோய் இருத்தினார்கள்.

என்னோடு சோடி சேர்க்கப்பட்டவர் மட்டக்களப்புக்காரர். என்னைவிடப் பத்து வயது கூடியவர், ஊரில் கூட்டுறவுக் கடை மனேச்சராக இருந்தவர். கையிலிருந்த கள்ள மலேசியப் பாஸ்போர்ட்டுகளின்படி அவர் என் கணவர். எனக்கோ அவரை அண்ணை என்று கூப்பிடத்தான் வாய் வந்தது. “பிளேனுக்குள்ளை ஒரு தமிழன் இருந்தாலே போதும், அண்ணை எண்டதோடை பிடிபட்டிடுவியள்” என்று ஏஜென்சிக்காரர் கத்தினார். கணவரைப் பெயர் சொல்லி அழைத்து எனக்குப் பழக்கமில்லை. “இஞ்சருங்கோ” என்பது என் சொந்த மனுசனுக்கு உரியது, அதை இன்னொருவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஆகவே அந்த ஊரில் இருந்த அத்தனை நாளும் நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவே இல்லை. ஏதாவது தேவையென்றால் பக்கத்தில் போய் நின்று இருமுவேன்.

ஏஜென்சிக்காரர் ஒரு கமராவும் ஒரு ஃபிலிம் றோலும் வாங்கித் தந்தார். “அறைக்குள்ளையே கிடந்தால் முகம் அகதி முகமாப் போயிடும். வெளியிலை போங்கோ, கோட்டையளைப் பாருங்கோ, படம் எடுங்கோ. எயாப்போட்டிலை பையைத் திறந்தால் அல்பம் இருக்கவேணும். ஊர் பாக்க வந்த ஆக்கள் சிரிச்சுக்கொண்டுதான் நிப்பினம், விளங்குதோ?”

விளங்கியது. ஆனால் அவருக்கு ஒன்று விளங்கவில்லை. எங்கள் வீடு யாழ்ப்பாணக் கோட்டைக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. ஒல்லாந்தர் கட்டின கோட்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி, எனக்கு விவரம் தெரிந்த காலம் முழுக்க அது ஆமிக் காம்ப். உள்ளே ஷெல் குத்தி ஏவுகிற சத்தம் முதலில் கேட்கும். விழுவதற்கிடையில் பங்கருக்குள் பாய்ந்துவிட வேண்டும். என் தம்பி ஒருநாள் பாயப் பிந்திவிட்டான். கோட்டை என்ற சொல்லே எனக்கு அவனுடைய சைக்கிள் ஒழுங்கையில் கிடந்த கிடைதான்.

முதலில் போனது துறைமுகத்தடிக் கோட்டை. ஐந்து கறுத்த உருண்டைக் கோபுரங்கள், இரண்டுக்கு நடுவே வெள்ளைக் கல்லில் செதுக்கின வாசல். உள்ளே பழைய வெண்கலக் கதவொன்றை வைத்திருந்தார்கள். அதில் பீரங்கிக் குண்டொன்று துளைத்து, வெளியே வராமல் அப்படியே இறுகிப்போய் இருந்தது. சனங்கள் அதைச் சுற்றி நின்று விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றேன். அந்த மட்டக்களப்பு மனிதருக்கோ வாயெல்லாம் பல்.

“ஏன் புள்ள இப்பிடி வேர்க்குது? கோட்ட என்ன செய்யப் போகுது? கல்லுத்தானே. எங்கட ஊர்க் கோட்டைக்குள்ள அரசாங்கக் கச்சேரி இருக்கு. பிறப்புச் சேட்டிபிக்கட் எடுக்க நான் எத்தின தரம் போயிருக்கன்.”

ஒரே தீவில் பிறந்த இரண்டு தமிழருக்குக் கோட்டை என்பது இப்படி இருந்தது. அவருக்கு அது பத்திரம் எடுக்கிற அரசாங்கக் கந்தோர். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதன் மதில் ஓரமாக நடக்கலாமா என்று.

அடுத்தது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கோட்டை. அதன் அடியில் மந்திரவாதி ஒருவன் முட்டையொன்றை ஒளித்து வைத்தானாம். அந்த முட்டை உடைந்தால் கோட்டையும் ஊரும் சேர்ந்து அழியுமாம். யாரோ சுற்றுலாக்காரருக்கு வழிகாட்டி ஆங்கிலத்தில் சொன்னதை அவர் அரைகுறையாகக் கேட்டு எனக்குச் சொன்னார். நான் பாலத்தில் கால் வைக்கவே யோசித்தேன். முட்டையை நம்பி ஊர் கட்டியிருக்கிறார்களே, இவர்களுக்கு இரவில் நித்திரை வருமா?

மலை உச்சிக் கோட்டைக்குக் கம்பியில் இழுக்கிற சின்ன ரயிலில் போனோம். மேலே நின்று பார்த்தால் முழு நகரமும் காலடியில் கிடக்கிறது. வீட்டுக் கூரைகள், காயப்போட்ட உடுப்புகள், தெருவில் பந்தடிக்கிற பிள்ளைகள், எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. மற்றவர்கள் “ஆகா” என்றார்கள். எங்கள் ஊர்க் கோட்டை மதிலில் நின்ற ஆமிக்கு நாங்கள் இப்படித்தான் தெரிந்திருப்போம் என்று எனக்குப் பட்டது. நகரத்துக்கு வெளியே பாயா என்ற இடத்துக் கோட்டைக்கும் போனோம். போகிற ரயிலில் பின் ஆசனத்தில் இரண்டு பேர் சிங்களத்தில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். வேலைக்கு வந்த பாவங்கள், சம்பளத்தைப் பற்றித்தான் கதைத்திருப்பார்கள். நான் இறங்கும்வரை மூச்சுவிட்டேனா என்று தெரியாது.

ஒவ்வொரு கோட்டை வாசலிலும் யாராவது வழிப்போக்கரிடம் கமராவைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டோம். நான் சொன்னபடி சிரித்தேன். படங்கள் கழுவி வந்ததும் ஏஜென்சிக்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். “கமராவைப் பாக்கேல்லையே தங்கச்சி. சரி பரவாயில்லை, கோட்டையை ரசிக்கிற மாதிரித்தான் கிடக்கு” என்றார். எனக்கோ அவர் சொன்னது காதில் ஏறவில்லை. படங்களில் அந்த மனிதரின் கை என் தோளில் படுகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். படவில்லை. முட்டைக் கோட்டைப் படத்தில் இன்னொரு பிரதி எடுத்து, அவரைக் கத்தரிக்கோலால் வெட்டி நீக்கிவிட்டு, என்னை மட்டும் கொழும்புக்குத் தபாலில் அனுப்பினேன். மகள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள் என்று பின்னர் கணவர் எழுதினார்.

கடைசியில் மட்டக்களப்பு மனிதரை ஒரு விமானத்திலும் என்னை இன்னொன்றிலும் ஏற்றினார்கள். சோடியாக அனுப்பப் போவதாகச் சொல்லி நடித்துப் பழகினது எல்லாம் வீண். சொன்னபடி பாஸ்போர்ட்டைப் பிளேன் கழிவறையில் கிழித்துப் போட்டேன். டிக்கட்டையும் கிழித்தேன். அல்பத்தைப் பற்றி ஏஜென்சிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே அதை நான் தொடவில்லை. சொன்னதை மட்டும் செய்கிற புத்தி எனக்கு. ரொறன்ரோ விமான நிலையத்தில் நான் அகதி என்றதும் குடிவரவு அதிகாரி பையைத் திறந்து, அல்பத்தை எடுத்து, ஒரு உறைக்குள் போட்டு, அதன் மேல் என் பெயரை எழுதினார்.

அந்த நகரத்தில் சென் ஜேம்ஸ் ரவுண் என்ற மாடிக் கட்டடப் பகுதியில் ஊர்க் குடும்பமொன்று தங்கள் வீட்டு ஹோலில் எனக்கு இடம் தந்தது. அதே கட்டடத்தில், வந்தவர்களுக்கு அகதி ஃபோம் நிரப்பிக் கொடுக்கிற அண்ணை ஒருவர் இருந்தார். நல்ல மனுசன், ஒரு தேத்தண்ணிக்கு மேல் எதுவும் வாங்கமாட்டார். ஆனால் அவரிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. எல்லாருக்கும் அதையே எழுதினார்.

“வழியிலை எங்கை நிண்டனீர்?”

“இத்தாலியிலை. கோட்டையளெல்லாம் பாக்க விட்டவை...”

“உதை விடும் பிள்ளை. கோட்டை பாத்தனான், கடல் பாத்தனான் எண்டு எழுதினால் இவ சுற்றுலா வந்தவ எண்டு தூக்கி எறிஞ்சு போடுவினம். அறைக்குள்ளை பூட்டி வைச்சவங்கள், வெளிச்சமே காணேல்லை எண்டு எழுதுறன். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை.”

எல்லாரும் சொல்வதைச் சொன்னால் பிழை வராது என்று நானும் கையெழுத்து வைத்தேன். ஃபோம் போய் இரண்டு கிழமைக்குப் பிறகு, தொழிற்சாலையில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது, திடீரென்று அந்த உறை நினைவுக்கு வந்தது. வெளிச்சமே காணாதவள், நடுப்பகல் வெயிலில், நாலு கோட்டைகளின் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் பிற ஆண் ஒருவன். அது அரசாங்கத்தின் அலுமாரிக்குள் கிடக்கிறது.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கேஸ் வென்றால் மகளும் கணவரும் வருவார்கள். தோற்றால் நான் திரும்ப வேண்டும், அல்லது அவர்கள் அந்த லொட்ஜிலேயே காலம் தள்ள வேண்டும். என் சிரிப்பால் என் பிள்ளையின் வழி அடைபடப் போகிறது என்ற எண்ணம் சப்வேயிலும் வந்தது, உடுப்புத் தோய்க்கிற லோன்றியிலும் வந்தது. ஃபோம் அண்ணையிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “அப்ப ஒருத்தருக்கும் சொல்லாதையும்” என்றார். அவருக்குத் தன் கதை போய்விடுமே என்று பயம். தொலைபேசியில் கணவரிடம் சொல்லவும் துணிவு வரவில்லை. மகள் ஒவ்வொரு முறையும் “எப்ப கூப்பிடுவியள்?” என்று கேட்டாள். “கெதியா” என்பேன். அந்தச் சொல்லை நான் எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே வெறுத்துப் போயிற்று.

பதினொரு மாதம் கழித்து விசாரணை. அன்று காலையில், விசாரணை அறைக்கு வெளியே, இனித் தாங்காது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் என் வக்கீல் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். “உள்ளே போனதும் நீராகவே சொல்லும். அவர்கள் கேட்க முதல் சொல்லும்” என்றார்.

சொன்னேன். அறையில் பூட்டி வைக்கவில்லை, கோட்டைகள் பார்த்தேன், அப்படி எழுதினது பொய். விசாரித்தவர் கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். உறையைத் திறந்து என் அல்பத்தை எடுத்தார். ஒவ்வொரு ஏடாகப் புரட்டினார். எவ்வளவு நேரம் புரட்டினார் என்று சொல்லமுடியாது.

“இவர் யார்?”

“பாஸ்போர்ட்டிலை என்ரை கணவர். எனக்கு அண்ணை மாதிரி. இப்ப எங்கை எண்டு தெரியாது.”

“சிரிக்கிறீர்கள். ஆனால் கமராவைப் பார்க்கவில்லை. இந்தப் படத்திலும் மேலே பார்க்கிறீர்கள். இதிலும். இதிலும். எதைப் பார்க்கிறீர்கள்?”

அதுவரை எனக்கே தெரியாது. எட்டிப் பார்த்தேன். உண்மைதான். நாலு கோட்டையிலும் என் முகம் கமராவுக்கு, கண் மட்டும் மதில் உச்சிக்கு. ஒரு காலும் முன்னால், ஓடத் தயாராக.

“மதிலுக்கு மேலை ஆள் நிக்கிறானோ எண்டு பாக்கிறன்” என்றேன்.

பிறகு தானாக வந்தது. எங்கள் கோட்டை, குத்துகிற சத்தம், அதற்கும் விழுவதற்கும் இடையில் உள்ள நேரம், தம்பி, அவனுடைய சைக்கிள். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்தவராக இருக்க வேண்டும். நான் ஒரு வசனம் சொன்னால் அவர் இரண்டு வசனம் சொல்கிறாரோ என்று எனக்குப் பட்டது. ஓரிடத்தில் அவர் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். விசாரித்த அம்மா அல்பத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார்.

கேஸ் வென்றது. நான் எந்தப் படத்துக்குப் பயந்தேனோ அதுவே என்னைக் காப்பாற்றியது என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. ஃபோம் அண்ணைகூடத் தேத்தண்ணி குடிக்க வந்தார். நானும் எனக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன், பொய் சொல்லவில்லை.

பத்திரங்கள் எல்லாம் சரிவந்து அவர்கள் வர இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. விமான நிலையத்தில் மகள் தகப்பனுடைய காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஆறு வயது. முன் பல் இரண்டும் இல்லை. கூப்பிட்டேன், வரவில்லை. வீட்டுக்கு வந்தும் நான் ஊட்டினதைச் சாப்பிட்டாள், நான் கேட்டதற்கு ஓம் என்றாள், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. “புது இடம்தானே, போகப் போகச் சரிவரும்” என்றார் கணவர்.

மூன்றாம் நாள் பின்னேரம், அவள் தன் சின்னப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தாள். மூலைகள் தேய்ந்து, நடுவில் மடிந்து, நிறம் போயிருந்தது.

“அம்மா, நான் ஒவ்வொரு நாளும் படுக்கேக்கை உங்களைப் பாத்தனான். நீங்கள் ஏன் என்னைப் பாக்கேல்லை?”

அரசாங்கத்துக்கு உண்மை சொன்ன வாயால் பிள்ளைக்குச் சொல்ல முடியவில்லை. “கண்ணுக்குள்ளை வெயில் அடிச்சது குஞ்சு, அதுதான்” என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு மேசையில் இருந்த அல்பத்தைத் தானே இழுத்தெடுத்து, மடியில் வைத்து, ஒவ்வொரு ஏடாகப் புரட்டத் தொடங்கினாள். விசாரணை அறையில் அந்தக் கண்ணாடிப் பெண் புரட்டினதும் இப்படித்தான்.

“இதிலையும் பாக்கேல்லை” என்றாள், படத்தில் விரலை வைத்து. “இதிலையும். இதிலையும்.”