பாலத்தில் மூன்றாவது காபி

ஸும்ரெதா பிறந்தபோது நாட்டின் பெயர் யுகோஸ்லாவியா. மரச்சாமான் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதே பெயர்தான். தொண்ணூறுகளின் சண்டையில் புருஷனைப் பறிகொடுத்தபோது நாடு போஸ்னியா. கொடிதான் மாறியது. மலையும் மாறவில்லை, மலையிலிருந்து இறங்கும் பிஸ்ட்ரிட்சா ஆறும் மாறவில்லை.

சண்டையில் அந்த ஆறுதான் எல்லை. இக்கரையில் முஸ்லிம்கள், அக்கரையில் கத்தோலிக்கக் குரோட்டுகள். பழைய பாலத்துக்கு வெடி வைத்தது யார் என்று கேட்டால் இன்றைக்கும் ஒரு கரை மறு கரையைக் கைகாட்டும்.

அந்த ஆற்றைக் குழாயில் அடைத்து மின்சாரம் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. மண் வெட்டும் இயந்திரம், சண்டைக்குப் பிறகு திரும்பக் கட்டிய பாலத்தைத் தாண்டினால் ஆறு போச்சு. ஆண்களில் பாதிப் பேர் ஜெர்மனியில். மீதிப் பேரை அடிக்கப் போலீசுக்குச் சாக்கே தேவையில்லை. அதனால் பெண்கள் போய்ப் பாலத்தில் உட்கார்ந்தார்கள். முதல் ஆள் ஸும்ரெதா. அடுத்தவள் அக்கரைக்காரி காட்டா. சண்டைக்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"தள்ளி உக்காருடி. பாலம் உங்கப்பன் வீட்டுதா?" என்றாள் காட்டா.

"உங்காளுங்க வெடி வெச்சதுதானே? நீயே நடுவுல உக்காரு."

"எங்காளுங்களா? சரி, அந்தச் சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். அடுப்பப் பத்த வை."

காலையில் இயந்திரம் வந்தது. கூடவே இன்ஜினியர் டாமிர், பின்னால் போலீஸ் வேன். ஸும்ரெதா உட்கார்ந்த இடம் அவள் வீடு மாதிரி. வந்தவர்களுக்குச் சர்க்கரைக் கட்டியோடு காபி கொடுத்தாள். இயந்திரம் ஓட்டி வந்த ஸெனாஹிதுக்கும் கொடுத்தாள். அவன் அதே ஆற்றின் மேல்பள்ளத்தாக்குக்காரன்.

"ரோடு வரும்மா, வேலை வரும்" என்றான் டாமிர்.

"தண்ணி?"

"அது குழாய்ல போகும்."

"மீனு? அதுவும் குழாய்க்குள்ள குனிஞ்சு போகுமா?"

பெண்கள் சிரித்தார்கள். பேச்சோடு இரண்டாவது காபியும் முடிந்தது. டாமிர் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். காட்டா மூன்றாவதை ஊற்றினாள்.

அந்த ஊரில் முதல் காபி வரவேற்பு, இரண்டாவது பேச்சுக்கு. மூன்றாவது வந்தால் விருந்தாளி எழுந்து போக வேண்டும். போகாதவன் ரோஷம் கெட்டவன்.

டாமிர் முன்னால் ஒரு கோப்பையை வைத்துவிட்டு, ஸும்ரெதா தட்டோடு இயந்திரத்திடம் போனாள். "தம்பி, காபி."

ஸெனாஹித் முகம் சுண்டியது. "மூணாவதாக்கா?"

"மூணாவதுதான்."

"டேய், வண்டிய எடுடா!" என்று கத்தினான் டாமிர்.

ஸெனாஹித் இறங்கி, நின்றபடியே குடித்து முடித்தான். "எடுக்கறேன் சார். பின்னாடி எடுக்கறேன். இதுக்கப்புறமும் இங்க நின்னா எங்கம்மா வீட்டுக்குள்ளயே விடாது."

இயந்திரம் பின்னோக்கி நகர்ந்தது. அந்த ஆத்திரத்தில் போலீஸ் பெண்களை இழுத்து வேனில் எறிந்தது. ஸும்ரெதாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. காட்டா வேன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"இன்ஜினியர் கோப்பை அப்படியே இருக்குடி. தொடவே இல்ல."

"இருக்கட்டும்" என்றாள் ஸும்ரெதா. "நாளைக்கு வருவான்ல. சுட வெச்சுக் குடுப்போம்."